அடங்கலின் கடைசிக் கலம்

(இராமநாதபுரம் மாவட்டக் கடலோர வருவாய்க் கிராமங்களில் 1984 முதல் 2015 வரை கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரிடம் வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்று முந்தைய இதழில் அறிவித்திருந்தோம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு அவர் எழுதியனுப்பிய பதில்கள் இவை. தம் பெயரும் தாம் வேலை பார்த்த ஊர்களின் பெயர்களும் அச்சில் வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்.)

கர்ணமும் மணியக்காரரும் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்த இடத்தில், தேர்வு எழுதி வந்த வெளியூர் இளைஞராக நீங்கள் போய் உட்கார்ந்தீர்கள். ஊர் உங்களை எப்படி ஏற்றுக்கொண்டது?
— வாசகர், பரமக்குடி

ஏற்றுக்கொண்டது என்று சொல்வதைவிட, என்னைக் கொஞ்ச காலம் வேடிக்கை பார்த்தது என்று சொல்வதே சரி. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கணக்கு எழுதிய கர்ணமும், கிஸ்தி என்ற நிலவரியை வசூலித்த கிராம முன்சீப்பும், அதாவது மணியக்காரரும், ஒரே நாளில் பதவியிழந்தார்கள். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1982இல் உச்ச நீதிமன்றமும் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. நான் பணியில் சேர்ந்தபோது அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஊரின் நிலக்கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தவரிடம் போய், இருபத்தேழு வயதுப் பையன் ஒருவன் "கணக்குகளை ஒப்படையுங்கள்" என்று நின்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

என் முதல் கிராமத்துப் பழைய கர்ணம் கணக்குகளை ஏற்கெனவே வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். எனக்கு வந்து சேர்ந்தவை சிவப்புத் துணியில் கட்டிய நான்கு மூட்டைகள். பிரித்துப் பார்த்தால் பாதி எனக்கு விளங்கவில்லை. சேதுபதிகளின் ஜமீனாக இருந்த இந்தப் பகுதி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உழவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாறியது. அதற்கு முன்பு நிலங்களுக்கு இருந்தவை பழைய நில அளவையின் பைமாஷ் எண்கள், பின்பு வந்தவை சர்வே எண்கள். கிழவர்கள் பழைய எண்ணைச் சொல்வார்கள், பத்திரத்திலும் பழைய எண்தான் இருக்கும், என் பதிவேட்டில் புதிய எண் மட்டும் இருக்கும். போதாக்குறைக்கு 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவேடுகள் மேம்பாட்டுத் திட்டம், அதாவது இன்றைக்கும் எல்லாரும் 'யு.டி.ஆர்.' என்று சொல்லும் அந்தப் பெரிய வேலை, அப்போது நடுவழியில் இருந்தது. ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் 'ஏர்' என்ற மெட்ரிக் அளவுமாக மாறிக்கொண்டிருந்தன.

மூன்றாவது மாதம், வேறு வழியில்லாமல், அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "பனை பதினாலு நிக்கிற புஞ்சை, வடவண்டை கோயில் மானியம், உங்க கணக்குல தெக்குப் பாகம் தரிசுன்னு இருக்கும், ஆனா வரகு விதைப்பாக" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். பனை பதின்மூன்று இருந்தது. ஒன்று இடி விழுந்து கருகிப்போயிருந்தது. அதை அவரிடம் வந்து சொன்னபோதுதான் திண்ணையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் கைப்பட எழுதிய, பைமாஷ் எண்ணும் சர்வே எண்ணும் அருகருகே உள்ள நோட்டு ஒன்றை அடுத்த பொங்கலுக்கு எனக்குக் கொடுத்தார். அது அரசுக் கணக்கு அன்று. ஆனால் அரசுக் கணக்கைப் படிக்க அதுதான் எனக்கு உதவியது. பரம்பரைப் பதவிமுறை போனது நல்லதே என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனென்றால் அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்கள் ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். இருந்தாலும் அந்த மனிதரிடம் நான் பட்ட கடன் வேறு கணக்கு.

கிராம நிர்வாக அலுவலரின் வேலை என்பது சான்றிதழ்களுக்குப் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போடுவதுதானே? அதில் முப்பது ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?
— கல்லூரி மாணவர், இராமநாதபுரம்

தம்பி, நீங்கள் எங்களைப் பார்ப்பது சாதி, வருமானம், இருப்பிடம் என்று சான்று கேட்டு வரும்போது மட்டும் என்பதால் இப்படித் தோன்றுவது இயல்பு. எங்கள் வேலையின் முதுகெலும்பு கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல். ஒவ்வொரு பசலி ஆண்டும், ஜூலை 1 தொடங்கி மறு ஜூன் 30 வரை, ஒவ்வொரு சர்வே எண்ணிலும் யார் என்ன பயிரிட்டார், எந்தத் தண்ணீரில், எவ்வளவு பரப்பில், விளைந்ததா காய்ந்ததா என்று வயலில் போய் நின்று பார்த்து எழுத வேண்டிய பதிவேடு அது. கிறித்தவ ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி வரும். நான் 1394ஆம் பசலியில் சேர்ந்து, 1425ஆம் பசலியின் முதல் மாதத்தில் ஓய்வுபெற்றேன். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க, காப்பீட்டுத் தொகை பெற, வறட்சி நிவாரணம் பெற, குத்தகைத் தகராறில் சாட்சி காட்ட என எல்லாவற்றுக்கும் அடங்கல் நகல்தான் வேண்டும்.

நம் மாவட்டத்தில் அதை எழுதுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று பெயர்பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்கூட வானத்தையும் வைகையின் மிச்சத்தையும் நம்பியே கிடக்கிறது. புரட்டாசியில் காய்ந்த மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். பெய்தால் நெல். பாதி பெய்தால் வைக்கோல். நெல்லுக்குப் பின்னாலோ நெல் இல்லாத மேட்டிலோ குண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாய்தான் கடன்பட்ட பல குடும்பங்களைப் பங்குனி சித்திரையில் கரையேற்றும். எதுவும் போடாமல் விட்ட நிலத்தைச் சீமைக் கருவேலம் எடுத்துக்கொள்ளும், கரிமூட்டம் போடுவார்கள். கரிமூட்டம் பயிரா? அடங்கலில் அதற்குக் கலம் (பத்தி) இல்லை. "தரிசு, கருவேல்" என்று எழுதுவோம், ஆனால் அந்தத் தரிசில்தான் அந்த வருடம் அடுப்பு எரிந்திருக்கும்.

இங்கே ஒரு சிறிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பதில்களுக்கும் அது தேவைப்படும். அடங்கலின் கடைசிக் கலம் 'குறிப்புரை'. பெரும்பாலான கிராமங்களில் அது வெள்ளையாகவே கிடக்கும், ஏனென்றால் மேலே உள்ளவர்கள் கூட்டுத்தொகைகளைத்தான் சரிபார்ப்பார்கள். வேறு எந்தக் கலத்திலும் அடங்காததை எழுதுவதற்கு எனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. "விதைத்தவர் பட்டாதாரர் அல்லர், அவர் தம்பி மனைவி." "கிணற்றில் உவர் ஏறிவிட்டது." "பெய்த மழை விதைக்குப் போதும், கதிருக்குப் போதாது." கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தியில் ஓர் அதிகாரி இவற்றைப் பார்த்துவிட்டு, "கணக்கு எழுதுகிறீரா, கதை எழுதுகிறீரா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அவரே இரண்டு ஆண்டு கழித்து ஒரு குத்தகை வழக்குக்காக அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவர் அதை மறந்திருப்பார். நான் மறக்கவில்லை, மனிதன்தானே.

நேரடியாகக் கேட்கிறேன், வருந்த வேண்டாம். கை நீட்டாத கிராம நிர்வாக அலுவலர் உண்டா?
— வாசகர், கீழக்கரை

உண்டு. நான் அந்தப் பட்டியலில் முழுத் தகுதியோடு இருக்கிறேனா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ரொக்கம் வாங்கியதில்லை. பாரை மீனும் நண்டும் வாங்கியிருக்கிறேன். பதநீர், நுங்கு, ஓலைப்பெட்டியில் கருப்பட்டி எல்லாம் வாங்கியிருக்கிறேன். விலை கொடுத்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு பெரிய வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு, அவர்களுடைய நிலத்தைப் பார்க்கக் கண்மாய்ப் பக்கம் போனேன். வரப்பு கண்மாயின் உள்வாய்க்குள், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்புக்குள், நன்றாகவே நகர்ந்திருந்தது. ஆக்கிரமிப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் அந்தச் சோறு வந்து நின்றது. அன்று எழுதவில்லை. அடுத்த பசலியில்தான் எழுதினேன், அதற்குள் வரப்பு இன்னும் ஐந்தாறு அடி நகர்ந்திருந்தது. அதன் பிறகு, நிலத்தைப் பார்த்து எழுதி முடிக்கும்வரை அந்த ஊரில் யார் வீட்டிலும் கை நனைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் என் அலுவலகம் என்பது நான் வாடகை கொடுத்த ஓர் ஓட்டு வீட்டு முன்னறை. காகிதம், மை, ஜமாபந்திக்குக் கணக்குகளைக் கொண்டுபோகும் வண்டிக்கூலி எல்லாம் என் சம்பளத்திலிருந்து போயின. இதை நான் நியாயமாகச் சொல்லவில்லை. இப்படி ஓட்டைகளோடு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டையை அவனவன் எதைக் கொண்டு அடைக்கிறான் என்று யாரும் பார்க்காமல் இருந்தார்கள் என்பதைச் சொல்கிறேன். சிலர் வட்டிக்கு வாங்கி அடைத்தார்கள். சிலர் மக்களிடம் வாங்கி அடைத்தார்கள், அடைத்து முடிந்த பிறகும் நிறுத்தவில்லை.

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களுக்குச் சான்றிதழ் கிடைப்பதில் உள்ள சிரமம் பற்றி உங்கள் அனுபவத்தை எழுத முடியுமா? என் சித்தப்பாவும் அப்படிப் போனவர்தான்.
— வாசகி, தொண்டி

அம்மா, உங்கள் கேள்விக்கு நீளமாகவே எழுதுகிறேன். உடல் கிடைக்காதவரை இறந்தவர் என்று கிராமத்தில் யாரும் பதிய முடியாது. ஊராட்சிப் பகுதிகளில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருப்பவரே கிராம நிர்வாக அலுவலர்தான். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் எதைத் தெரிவிப்பது? ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிருடன் இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. ஆகவே காவல் நிலையத்தில் காணவில்லை என்ற புகார், ஏழு ஆண்டு, பிறகு உரிமையியல் நீதிமன்றத்தின் ஆணை, அதன் பிறகு இறப்புப் பதிவு, அதன் பிறகு வாரிசுச் சான்று. ஏழு ஆண்டு என்று காகிதத்தில் எழுதுவது எளிது. அந்த ஏழு ஆண்டும் அந்தப் பெண் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. பட்டா காணாமல்போனவர் பெயரிலேயே இருக்கும், வள்ளத்தின் (சிறு படகின்) கடன் மட்டும் இவள் பெயருக்கு வந்துவிடும்.

1992 கார்த்திகையில், வாடைக்காற்று வலுத்திருந்த ஒரு நாளில், நான் வேலை பார்த்த ஊரிலிருந்து மூன்று பேர் ஒரு வள்ளத்தில் வடகடலுக்குப் போனார்கள். எங்கள் பக்கம் பாக் நீரிணையை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வோம். வாடைக் காலத்தில் வடகடலும், தெற்கிலிருந்து வீசும் சோழகக்காற்றில் தென்கடலும் கொந்தளிக்கும் என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தும் போனார்கள், ஏனென்றால் அடைமழையால் பத்து நாளாக அடுப்பு எரியவில்லை. ஒருவர் நீந்திக் கரையேறினார். ஒருவருடைய உடல் நான்காம் நாள் ஒதுங்கியது. மூன்றாமவர் வரவில்லை.

அவருடைய மனைவி கருவாடு விற்று மகளைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். 2000ஆம் ஆண்டில் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. ஏழை விதவையரின் மகள் திருமணத்துக்கு உதவ ஈ.வெ.ரா. மணியம்மையார் பெயரில் அரசுத் திட்டம் உண்டு என்று யாரோ சொல்லி என்னிடம் வந்தார். ஏழு ஆண்டு முடிந்துவிட்டது, நீதிமன்ற ஆணைக்கு வழியிருக்கிறது, வழக்கறிஞரிடம் நானே பேசுகிறேன் என்றேன். மனுவில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். கணவர் இறந்துவிட்டதாகக் கருத வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும் என்றேன். நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் நின்றுகொண்டு, "அவுக திரும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எட்டு வருடம் ஆன பிறகுமா என்று என் மேசையருகே நின்றிருந்த ஒருவர் சிரித்தார். அவரை வெளியே போகச் சொன்னேன்.

இரண்டு நாள் யோசித்தபின் ஒரு வழி தெரிந்தது. விதவை என்ற சான்று இல்லாமலே, ஏழைப் பெற்றோரின் மகளுக்கு என்று 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் இருந்தது. அதற்கு வேண்டியவை படிப்பும் வருமானச் சான்றும். அதில் விண்ணப்பிக்கச் சொன்னேன். திருமண அழைப்பிதழை இணைக்க வேண்டும். அழைப்பிதழில் தந்தையின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்றோ 'தெய்வத்திரு' என்றோ போடாமல், உயிருள்ளவர் பெயர்போலவே அச்சிட்டிருந்தார். விசாரணையில் கேள்வி எழுந்தது: தந்தை இருக்கிறார் என்றால் அவர் கையொப்பம் எங்கே, அவர் வருமானம் எங்கே? என் அறிக்கையின் குறிப்புரையில், "தந்தை 1992 கார்த்திகையில் கடலுக்குச் சென்றவர். இதுவரை திரும்பவில்லை. தாயின் வருமானமே குடும்ப வருமானம்" என்று மூன்று வாக்கியம் எழுதினேன். இறந்தார் என்றும் எழுதவில்லை, இருக்கிறார் என்றும் எழுதவில்லை. வருவாய் ஆய்வாளர் நீண்ட நேரம் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். உதவித்தொகை திருமணத்துக்குப் பிறகுதான் வந்தது, அது வேறு கதை.

உங்கள் சித்தப்பா குடும்பத்துக்கு நீதிமன்ற ஆணைதான் நேரான வழி. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் பெண்களுக்கு வழக்கறிஞர் செலவு இல்லை. புகார் கொடுத்தபோது காவல் நிலையத்தில் தந்த ரசீதையும், அந்தப் படகு கடலுக்குப் போனதற்கான மீன்துறை டோக்கன் விவரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். ஏழாம் ஆண்டில் தேடினால் இரண்டும் கிடைக்காது.

கணினியில் பட்டா, இணையத்தில் அடங்கல் என்று வந்துவிட்ட பிறகு கிராம நிர்வாக அலுவலர் எதற்கு?
— வாசகர், உச்சிப்புளி

கணினி, நாம் தந்ததைத்தான் திருப்பித் தரும். யு.டி.ஆர். காலத்தில் தவறாக ஏறிய பெயர் அப்படியே கணினியிலும் ஏறியிருக்கிறது. வயலுக்குப் போய் அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

புயல் காலத்தில் உங்கள் வேலை என்னவாக இருக்கும்?
— பள்ளி ஆசிரியை, தங்கச்சிமடம்

பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் கிராமத்தை விட்டு நகரக் கூடாது என்பது முதல் விதி. கூண்டு 1 முதல் 11 வரை உண்டு. எண்ணைக் கேட்டதும் நாங்கள் எடுப்பது வேறொரு பட்டியல்: நிறைமாதக் கர்ப்பிணிகள் யார், படுக்கையில் கிடப்பவர்கள் எந்த வீட்டில், கரையில் ஏற்றாத வள்ளங்கள் எத்தனை, பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம். நீங்கள் ஆசிரியை என்பதால் சொல்கிறேன், அந்தச் சாவி மட்டும் ஒரு முறையும் உரிய நேரத்தில் கிடைத்ததில்லை. கிராம உதவியாளர் தண்டோரா போட்டுக்கொண்டு முன்னால் போவார், நான் பின்னால் வீடுவீடாகப் போவேன். 2022இல் தண்டோராவை அரசே நிறுத்தச் சொல்லிவிட்டது; ஒரு மனிதனைப் பறையடித்துக்கொண்டு தெருவில் நடக்க வைப்பதை நிறுத்தியது சரியே, அதை நாங்கள் முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

கிளம்ப மறுக்கும் வீடுகள் எப்போதும் உண்டு. ஆடு இருக்கிறது, வலை இருக்கிறது என்பார்கள். அவர்களிடம் நான் 1964ஐச் சொல்வேன். அந்த டிசம்பர் 22 இரவில் எனக்கு ஏழு வயது. எங்கள் வீட்டுப் பனையோலைக் கூரை எழுந்து போனதும், அப்பா என்னையும் தங்கையையும் அம்மிக்கல்லோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கிடந்ததும் எனக்கு நினைவிருக்கின்றன. இராமேசுவரம் தீவில் அதே இரவில் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனதைப் பிறகுதான் பெரியவர்கள் பேசக் கேட்டேன். பாம்பன் பாலத்தின் இரும்புத் துலாங்களைக் கடல் பிடுங்கியிருந்தது. ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்று மதிப்பிட்ட, பாலத்தைச் செப்பனிடும் வேலையை இ. ஸ்ரீதரன் என்ற முப்பத்திரண்டு வயதுப் பொறியாளர் 46 நாளில் முடித்தார் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. ரயில் மறுபடி வந்தது என்று மட்டும் தெரியும். கதையைக் கேட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. ஒரு பாட்டி மட்டும், "அந்தப் புயலை நானும்தான் பார்த்தேன், எனக்கு நீ சொல்லாதே" என்றார். ஆட்டோடு சேர்த்து அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கடலோரக் குப்பங்களில் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கும் பட்டா இல்லையே, ஏன்?
— வாசகர், தேவிபட்டினம்

மணல் எல்லாம் புறம்போக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அளந்தவர்கள் வந்த காலத்தில் வலை காயப்போட்ட இடமும் ஓலைக் குடிசையும் அவர்கள் கண்ணுக்கு வெற்று மணலாகத் தெரிந்தன. குடிசை காற்றுக்கு ஏற்ப இடம் மாறும் என்பதால், நிலையாக யாரும் இல்லை என்றும் எழுதிவிட்டார்கள். 1991இல் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை வந்த பிறகு புதிதாகக் கொடுப்பது இன்னும் சிக்கலாயிற்று. ஆகவே அந்த வீடுகளுக்கு 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி 'பி மெமோ' கொடுப்பது என் வேலை. ஆக்கிரமித்திருக்கிறாய், தண்டம் கட்டு என்று சொல்லும் தாள் அது. வேடிக்கை என்னவென்றால், அதை வாங்கியவர்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போடாத குறையாகக் காப்பாற்றினார்கள்; இந்த ஆண்டிலிருந்து இந்த இடத்தில் குடியிருக்கிறோம் என்பதற்கு அரசு தந்த எழுத்து அது ஒன்றுதான். "சார், இந்த வருசம் எனக்கு இன்னும் பி மெமோ வரலையே" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. குற்றம் சாட்டுவதற்காக எழுதிய தாளை உரிமைச் சீட்டாக மாற்றிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தை நான் வியந்திருக்கிறேன். அதனால் ஓர் ஆண்டும் யாருக்கும் தவறவிடாமல் கொடுத்தேன்.

அரசுப் புறம்போக்கில் நிற்கும் பனையை அனுபவிப்பதற்கு '2சி பட்டா' உண்டு. மரம் உனக்கு, மண் எனக்கு என்று அரசு சொல்வது. பனையேறிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் சொத்து. நிழலுக்கு எந்தப் பட்டா என்று என் முதல் கிராமத்துப் பனையேறி ஒருவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

எழுதியவற்றில் ஒன்றை மாற்றி எழுத முடியும் என்றால் எதை மாற்றுவீர்கள்?
— வாசகி, திருப்புல்லாணி

1986இல் நான் கொடுத்த ஒரு வாரிசு அறிக்கை. இறந்தவருக்கு இரண்டு மகன், ஒரு மகள். மகளைக் கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். "சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவள் பெயர் எதற்கு?" என்று மகன்கள் கேட்டார்கள், ஊர்ப் பெரியவர்களும் அதையே சொன்னார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989இல்தான் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது பொய்ச் சமாதானம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே மகள் முதல் வகுப்பு வாரிசு. அது எனக்குத் தேர்வுக்குப் படித்த பாடம். இதே வட்டாரத்தில் கீழக்கரையில் வீட்டைப் பெண்ணுக்கென்றே கொடுக்கும் வழக்கம் இருப்பதையும் பார்த்தவன் நான். இருந்தும் இரண்டு பெயர் மட்டும் எழுதினேன். குறிப்புரைக் கலம் வெள்ளையாக இருந்தது.

பத்து ஆண்டு கழித்து அந்தப் பெண் கைம்பெண்ணாக ஊருக்குத் திரும்பினார். அப்போது நான் வேறு கிராமத்தில் இருந்தேன். பேருந்து மாறித் தேடி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "என் பேரை நீங்க மறந்துட்டீகளா, இல்ல சொல்ல வேண்டாம்னுட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். மறக்கவில்லை என்றேன். நீதிமன்றத்தில் அதையே சாட்சியாகச் சொன்னேன். துறை என்னிடம் விளக்கம் கேட்டது, கொடுத்தேன். அவருக்குப் பங்கு கிடைத்தபோது நிலத்தில் பாதி விற்றுப்போயிருந்தது.

பணியின் கடைசி நாள் எப்படி இருந்தது?
— வாசகர், மண்டபம்

2015 ஜூலை 31 நான் ஓய்வுபெறும் நாள். அதற்கு நான்கு நாள் முன்பு அப்துல் கலாம் காலமானார். ஜூலை 30 அன்று இராமேசுவரம் பேக்கரும்பில் நல்லடக்கம். பிரதமர் வந்தார், தீவு கொள்ளாத கூட்டம். அக்கம்பக்கக் கிராமங்களின் வருவாய்ப் பணியாளர்களை எல்லாம் அங்கே அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த வேலை, ஒரு தடுப்புக் கட்டையருகே தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொள்வது. குடியரசுத் தலைவராக இருந்தவரை நான் பார்த்ததில்லை; அன்றும் பார்க்கவில்லை, தண்ணீர்தான் ஊற்றினேன். இரவு வீட்டுக்கு வர ஒரு மணி ஆயிற்று.

மறுநாள் காலையில் பொறுப்பு ஒப்படைப்பு. 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படங்கள், பிறப்பு இறப்புப் பதிவேடு, ரசீதுப் புத்தகங்கள், மடிக்கணினி ஒன்று, ஒரு கால் ஆடும் மேசை ஒன்று என்று பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். புதிதாக வந்தவர் இருபத்தாறு வயதுப் பெண், பொறியியல் படித்தவர். பட்டியலில் இல்லாத பழைய கர்ணத்தின் நோட்டைத் தனியாக எடுத்து அவரிடம் கொடுத்து, அது என்ன என்று விளக்கினேன். பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்; அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு, "இது உங்ககிட்டயே இருக்கட்டும் சார், எனக்கு எழுத்து புரியலைன்னா வந்து கேக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்தார். இதுவரை மூன்று முறை வந்திருக்கிறார்.